கடலூர் சமவெளியில் நீர்ச்சக்கர மாவு மில்: ஒரு மீட்டர் வீழ்ச்சியை வைத்து என்ன செய்யலாம்

நீர்ச்சக்கர மாவு மில் என்றதும் மலையோர ஓடைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். உத்தராகண்டில் 'கராட்' என்றும் நேபாளத்தில் 'கட்டா' என்றும் சொல்லப்படும் சின்ன மில்கள் இன்றும் ஓடுகின்றன. நாலைந்து மீட்டர் சரிவில் மரத்தொட்டி வழியாகப் பாயும் தண்ணீர், படுக்கையாக இருக்கும் சக்கரத்தின் இறக்கைகளை அடிக்கும். அந்தச் சக்கரத்தின் அச்சே நேராக மேலே போய் மேல்கல்லைச் சுற்றும். பல்சக்கரமும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. அந்த அமைப்பை அப்படியே கடலூருக்கோ பாகூருக்கோ கொண்டுவந்தால் கல் அசையாது. நம்ம பக்கம் தண்ணீர் உண்டு, அது விழ உயரம்தான் இல்லை.

அதனால் ஆற்றோரம் போய், "தண்ணீர் நல்லா வேகமா ஓடுதே, சக்கரத்தை வச்சா சுத்தாதா?" என்று கேட்பதில் பயனில்லை. சுற்றும், ஆனால் அரைக்காது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் உள்ள சக்தி, 5 செ.மீ. உயரத்திலிருந்து விழும் நீரின் சக்திக்குச் சமம், அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டர் பலகையை அந்த ஓட்டத்துக்கு எதிரே நிறுத்தினால், அதன்மேல் வரும் மொத்த சக்தி 500 வாட். அதில் நம் கைக்கு வருவது 150 வாட்டைத் தாண்டாது. வீட்டு மிக்ஸிக்கே அதைவிட அதிகம் வேண்டும். தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் சக்கரம் வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்தபோது தென்பெண்ணைக் கரையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வெள்ளத்துக்கு எந்தச் சக்கரமும் நிற்காது.

தேட வேண்டியது ஓட்டத்தை அல்ல, வீழ்ச்சியை. சமவெளியில் அது மனிதர் கட்டிய இடங்களில்தான் கிடைக்கும். வாய்க்காலில் மட்டத்தைக் குறைக்கக் கட்டியிருக்கும் டிராப் சுவர், ஏரி மதகுக்கு வெளிப்பக்கம், உபரிநீர் வழியும் கலிங்குக்குக் கீழ், பெரிய வாய்க்காலிலிருந்து கிளை பிரியும் ஷட்டர் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். வீராணம், வெலிங்டன், பெருமாள் ஏரி, பாகூர் ஏரி என்று எதை எடுத்தாலும் ஏரி மட்டத்துக்கும் வயல் மட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு. மதகுக்கு வெளியே தண்ணீர் சுழித்து, நுரைத்து, தொட்டியில் மோதி அடங்குகிற இடத்தில் நிற்கும்போது தெரியும் ஆற்றல்தான் நமக்கு வேண்டியது. அந்தத் தொட்டியைக் கட்டியதே அந்த ஆற்றலை வீணடித்து, கரை அரிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான்.

இடம் பார்க்கும்போது டிராப்புக்கும் ஏரி மதகுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஏரி நிரம்பியிருக்கும்போது மதகில் கிடைக்கும் வீழ்ச்சி, ஏரி வற்ற வற்றக் குறையும். மார்கழியில் ஒன்றரை மீட்டர் இருந்த இடத்தில் மாசியில் அரை மீட்டர்கூட இருக்காது. டிராப் சுவரில் அந்தத் தொல்லை குறைவு, மேல்மட்டத்தைச் சுவரே நிறுத்திவைத்துவிடும். நான் டிராப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன், வீழ்ச்சி 20 செ.மீ. குறைவாக இருந்தாலும் சரி. நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைத்து வெளியேற்றும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. மழைக்காலத்தை மட்டும் நம்பியிராத அந்த வழித்தடத்தில் நல்ல டிராப் அமைந்தால் அதைவிட ஏற்ற இடம் இந்த மாவட்டத்தில் அரிது.

அனுமதி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாய்க்காலும் ஏரியும் தனியார் சொத்து இல்லை. தமிழ்நாட்டில் நீர்வளத்துறையிடமும் புதுச்சேரியில் பொதுப்பணித்துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. அதற்கும் முன்னால், அந்த மதகில் பாயும் விவசாயிகளின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தோடு பேச வேண்டும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மில்லு நின்னா தண்ணி நிக்குமா?" என்பதுதான். நிற்கக் கூடாது. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, வாய்க்காலின் முழுத் தண்ணீரையும் ஏற்கும் அளவுக்கு ஒரு மாற்று வழி இருந்தே ஆக வேண்டும். சக்கரத்தின் ஷட்டரை மூடினால் தண்ணீர் தானாக அந்தப் பக்கம் வழிந்து போகும்படி அதன் சுவரை வழக்கமான மேல்மட்டத்தைவிட 5 செ.மீ. மட்டும் உயரமாக வைத்தால் போதும், யாரும் ஓடிவந்து திறக்க வேண்டியதில்லை.

அளப்பது

வீழ்ச்சியை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். மேல்மட்டத்து நீர்ப்பரப்பிலிருந்து கீழ்மட்டத்து நீர்ப்பரப்பு வரை அளக்க வேண்டும், தரையிலிருந்து தரைக்கு அல்ல.

தண்ணீர் அளவுக்கு முதல் கணக்கு மிதவையில் கிடைக்கும். நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொண்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை நடுவில் போடுங்கள். அது நீரில் பெரும்பகுதி முழுகி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. பத்து மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி என்று பார்த்து, வரும் வேகத்தை 0.8-ஆல் பெருக்குங்கள், மண் வாய்க்காலில் அடி ஓட்டம் மேலோட்டத்தைவிட மெதுவாக இருக்கும். அதை வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் கன மீட்டர் கணக்கு வந்துவிடும். துல்லியம் வேண்டுமானால் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை அடைத்து, அதில் 1.1 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண் வெட்டுங்கள். கண்ணின் விளிம்புக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் நீர் நின்றால், விநாடிக்குச் சுமார் 240 லிட்டர் போகிறது. அந்த 25 செ.மீ.யைப் பலகையை ஒட்டி அளக்கக் கூடாது, அங்கே நீர் ஏற்கெனவே வளைந்து தாழ்ந்திருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் ஒரு குச்சி நட்டு, விளிம்பு மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். துறைக்காரர்கள் கனஅடியில் பேசுவார்கள். ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர், ஆக 250 லிட்டர் கிட்டத்தட்ட 9 கனஅடி.

இனி வரும் கணக்கெல்லாம் விநாடிக்கு 250 லிட்டர், 1.2 மீட்டர் வீழ்ச்சி என்ற அடிப்படையில்தான். 9.81-ஐ 0.25-ஆல் பெருக்கி 1.2-ஆல் பெருக்கினால் 2.94 கிலோவாட். நன்றாகக் கட்டிய சக்கரம் அதில் 60 சதவீதத்தைத் தரும், அச்சில் 1.75 கிலோவாட் அளவுக்கு வரும். பல்சக்கரம், பெல்ட் எல்லாம் தாண்டிக் கல்லுக்குப் போய்ச் சேர்வது 1.5 கிலோவாட், அதாவது 2 ஹெச்பி. இதை வைத்து மணிக்கு 25 முதல் 30 கிலோ அரைக்கலாம். நைசாக வேண்டுமென்றால் அதற்கும் குறையும்.

கீழ்மட்டம்தான் எமன்

மலைப்பகுதிக் கணக்கை வைத்துக் கட்டுகிறவர்கள் இங்கே தோற்பது இந்த இடத்தில்தான். ஆவணியில் போய் வாய்க்காலைப் பார்த்தால் டிராப்புக்குக் கீழே முழங்கால் அளவு தண்ணீர் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். 1.2 மீட்டர் வீழ்ச்சி என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் எல்லாம் நிறைந்து, கடல் முகத்துவாரத்தில் தண்ணீர் வாங்காமல், வயல் தண்ணீரும் சேர்ந்து வாய்க்காலில் எதுக்களித்து நிற்கும். கீழ்மட்டம் 30 செ.மீ. ஏறினால் வீழ்ச்சியில் கால்பங்கு போயிற்று. அதோடு விடாது. சக்கரத்தின் அடிப்பகுதி தேங்கிய நீரில் முழுகி, ஒவ்வொரு இறக்கையும் வெளியே வரும்போது ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டே வரும். மிச்ச சக்தி அதில் கரைந்துபோகும். தண்ணீர் மிக அதிகமாக இருக்கும் மாதத்தில் மில் மிக மெதுவாகச் சுற்றுவது இதனால்தான்.

ஆகவே அளவெடுப்பதை ஒருமுறையாவது கார்த்திகையில் செய்யுங்கள். பக்கத்துச் சுவரில் முந்தைய வருட வெள்ளக் கோடு பாசி படிந்து தெரியும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கிகள், பெல்ட், கல், தானியம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

இறக்கையின் வடிவத்திலும் பாதித் தீர்வு இருக்கிறது. மையத்திலிருந்து நேராக நீட்டிய தட்டைப் பலகைதான் நீரைத் தூக்கும். நுனிப்பகுதியைச் சுற்றும் திசைக்கு எதிராகப் பின்னோக்கிச் சாய்த்தால், வெளியேறும்போது பலகை நீரைக் கத்தி செருகி எடுப்பதுபோல் விட்டு வரும். 40 செ.மீ. ஆழ இறக்கையில் உள்பாதி நேராகவும், வெளிப்பாதி 30 டிகிரி பின்சாய்வாகவும் இரண்டு பலகையாகச் சேர்த்தால் நம் வேலைக்குப் போதும். சக்கரத்தின் அடி, வழக்கமான கீழ்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருக்கட்டும். இரண்டு இறக்கைகளுக்கு நடுவே உள்ள அறைக்குள் நிற்கும் நீரின் ஆழமும் வெளியே நிற்கும் நீரின் ஆழமும் ஒன்றாக இருந்தால், நீர் விழாமல் நழுவி வெளியேறும்.

சக்கரம்

விட்டம் 3 மீட்டர், அகலம் 1 மீட்டர், 24 இறக்கைகள். தண்ணீர் அச்சின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் நுழைய வேண்டும். மேலிருந்து கொட்டும் சக்கரத்துக்கு இங்கே உயரம் இல்லை, அடியில் அடித்துத் தள்ளும் சக்கரம் பாதிச் சக்தியை நுரையாக்கிவிடும். விளிம்பு விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் சுற்றினால் நிமிடத்துக்கு 9 சுற்று வரும். பார்ப்பவருக்கு, "இவ்வளவு மெதுவா சுத்துதே" என்று தோன்றும். சுமையோடு அப்படித்தான் சுற்ற வேண்டும். சுமை ஏற்றியும் வேகமாகச் சுற்றுகிற சக்கரம், அறைகள் நிரம்பாமல் தண்ணீரை வீணாக்குகிறது என்று அர்த்தம்.

அச்சில் விழும் முறுக்கு 1,900 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வரும். 75 மி.மீ. கெட்டி இரும்பு ஷாஃப்ட்டும், இரண்டு பக்கமும் யூசிபி 215 பேரிங்கும் அதைத் தாங்கும். பழைய இரும்புக் கடையில் பைப்பை வாங்கி ஷாஃப்ட்டாகப் போடும் ஆசையை விட்டுவிடுங்கள், வெல்டிங் செய்த இடத்தில் உப்புக்காற்று வேலை செய்து, உள்ளிருந்தே துரு தின்னும். விளிம்பு வளையம் 65 மி.மீ. ஆங்கிளை வளைத்துச் செய்யலாம், ஹாட் டிப் கால்வனைசிங் செய்தது நல்லது. போல்ட்டும் அப்படியே. கடலிலிருந்து 20 கிலோமீட்டர் உள்ளே போனாலும் பெயிண்ட் மட்டும் போதாது.

இறக்கைக்கு 25 மி.மீ. பலகை. வண்டிச் சக்கரத்துக்கு நம் தச்சர்கள் பயன்படுத்திய கருவேலம் உறுதியானது, ஆனால் கனம். பூவரசு நீருக்குத் தாங்கும், அறுக்கவும் எளிது, எனக்கு அதுதான் பிடித்தம். எந்த மரமானாலும் எப்போதும் நனைந்திருக்கும் பகுதி கெடாது, எப்போதும் காய்ந்திருக்கும் பகுதியும் கெடாது. நனைந்து காயும் போல்ட் துளையைச் சுற்றித்தான் முதலில் உளுக்கும். துளையில் வேப்பெண்ணெய் ஊற்றி, அகலமான வாஷர் போட்டு முடுக்குங்கள்.

சக்கரத்துக்குப் பின்னால், நீர் நுழையும் இடத்திலிருந்து அடிவரை வளைந்த சிமெண்ட் தொட்டில் ஒன்று வேண்டும். அறைக்குள் விழுந்த நீர் கீழே போய்ச் சேரும்வரை வெளியே சிந்தாமல் பிடித்துவைப்பது அதுதான். இறக்கை நுனிக்கும் தொட்டிலுக்கும் இடைவெளி 10 முதல் 15 மி.மீ. வரை இருக்கலாம். 20 மி.மீ. ஆனால் விநாடிக்கு 25 லிட்டர் வேலை செய்யாமலே நழுவிப்போகும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்த வளைவைக் கண்ணளவில் பூச முடியாது. ஷாஃப்ட்டைப் பேரிங்கில் உட்காரவைத்த பிறகு, சக்கரத்தை மாட்டும் முன், ஷாஃப்ட்டிலேயே ஒரு சட்டத்தைக் கட்டி, அதன் நுனியில் 1 மீட்டர் அகல மட்டப்பலகையைச் சரியாக 1.512 மீட்டரில் பொருத்துங்கள். 1:3 கலவையை அப்பிக்கொண்டே பலகையைச் சுற்றினால் வளைவு தானாக வரும். பேரிங்கின் இடத்தை அதன்பின் ஒரு மில்லிகூட மாற்றாதீர்கள்.

நுழைவாயில் ஷட்டர் கீழிருந்து திறப்பதாக இருக்கக் கூடாது. மேலே வழியும்படி இறங்கி ஏறும் பலகையாக இருக்கட்டும், இறக்கினால் ஓடும், ஏற்றினால் நிற்கும். 1 மீட்டர் அகலத்தில் 250 லிட்டர் வழிய 26 செ.மீ. கனம் வேண்டும்.

அதற்கு முன்னால் கம்பித் தடுப்பு. ஆகாயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இருக்கும் ஊரில் இதை இரண்டாம்பட்சமாக நினைக்கக் கூடாது. காட்டாமணக்குத் தண்டு ஒரு விரல் கனத்தில், ஒரு ஆள் நீளத்தில் வரும். ஒன்று இறக்கைக்கும் தொட்டிலுக்கும் நடுவே செருகிக்கொண்டால் பலகை உடையும், உடையாவிட்டால் ஷாஃப்ட் வளையும். 12 மி.மீ. கம்பிகளை 40 மி.மீ. இடைவெளியில், 60 டிகிரி சாய்வில், வாய்க்காலின் குறுக்குவெட்டைப்போல் மூன்று மடங்குப் பரப்பு வரும்படி வையுங்கள். தடுப்புக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் 10 செ.மீ. வித்தியாசப்பட்டால் சக்தியில் 8 சதவீதம் அங்கேயே போய்விட்டது, வாரி எடுக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்று சக்கரத்தை நிறுத்தி, ஷட்டரை ஏற்றிப் பூட்டி, தண்ணீர் முழுவதையும் மாற்றுவழியில் விட்டுவிடுங்கள்.

ஒன்பது சுற்றை நூற்றைம்பதாக்குவது

கடையில் கிடைக்கும் எமரிக்கல் மாவு மில் நிமிடத்துக்கு நானூறு, அறுநூறு சுற்றுக்கு ஆனது. 9 சுற்றிலிருந்து அங்கே போவதற்குள் பாதிச் சக்தி உராய்விலேயே போகும். படுக்கையாகச் சுற்றும் 60 செ.மீ. கருங்கல்லை 150 சுற்றில் ஓட்டுவதே இந்தச் சக்கரத்துக்கு ஏற்றது. மாவும் சூடாகாது.

பெருக்கம் கிட்டத்தட்ட 17 மடங்கு வேண்டும். முதல் படிக்குப் பழைய லாரியின் பின் ஆக்சிலை விடச் சிறந்ததை நான் கண்டதில்லை. அது பத்தாயிரம் கிலோவை இழுக்கச் செய்தது, நம் சுமை அதற்குத் தூசு. உள்ளே இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் ஆறு மடங்கு அளவுக்குப் பெருக்கித் தரும், திசையையும் 90 டிகிரி திருப்பித் தரும். பழைய இரும்புக் கடையில் வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள். ஒரு பக்க ஹப்பை (சக்கரம் மாட்டும் முனையை) ஆளை வைத்துப் பிடித்துக்கொண்டு, மறுபக்க ஹப்பை ஒரு சுற்று சுற்றினால் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதன் இரட்டிப்புதான் உண்மையான விகிதம். மூன்று சுற்று என்றால் ஆறு. இரட்டிப்பு வருவதற்குக் காரணம் டிஃப்ரென்ஷியல், அதாவது இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி. அதைத் திறந்து உள்ளே இருக்கும் சிறு ஸ்பைடர் கியர்களை ஒன்றோடொன்று வெல்டு வைத்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் மாட்டினால், சும்மா இருக்கும் மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றும், பினியன் அசையாது.

வெல்டு பூட்டியபின் ஆக்சிலைப் பினியன் மேல்நோக்கி நிற்கும்படி கான்கிரீட்டில் இறுக்குங்கள். சக்கர ஷாஃப்ட்டை ஹப்பின் வீல் போல்ட்டிலேயே ஃபிளேன்ஜ் வைத்துச் சேர்க்கலாம், நடுவில் ஒரு ரப்பர் கப்ளிங் இருந்தால் சிறு கோணலைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெய் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. லாரியில் கிரவுன் வேகமாகச் சுற்றி எண்ணெயை மேலே வாரி அடிக்கும். நிமிடத்துக்கு ஒன்பது சுற்றில் அது நடக்காது. மேல்நோக்கி நிற்கும் பினியனின் பேரிங் சொட்டு எண்ணெய்கூடப் படாமல் வறண்டு, ஒரு பருவத்தில் கடகடக்க ஆரம்பிக்கும். அதற்குத் தனியாக ஒரு கிரீஸ் நிப்பிள் துளைத்து வையுங்கள். கீழே ஈபி 90 கியர் எண்ணெய், வழக்கமான மட்டத்தைவிடச் சற்று அதிகம்.

பினியனில் 54 சுற்று வரும். அங்கிருந்து 500 மி.மீ. புல்லியும் கல் பக்கம் 180 மி.மீ. புல்லியும் போட்டால் 150. இந்த மெதுவான வேகத்தில் பெல்ட்டின் மேல் இழுவை 1,100 நியூட்டனுக்கு மேல் வரும். 2 ஹெச்பி-தானே என்று ஒரு பெல்ட் போட்டால் வழுக்கிக் கருகும். பி செக்‌ஷன் வி-பெல்ட் நான்கு போடுங்கள்.

கல்

கடலூர் மணற்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். பொரிந்து உதிரும் கல் அது, மாவில் மணல் கடிக்கும். திருவக்கரை வட்டாரத்தில் வெட்டும் கருங்கல் போன்ற நெருக்கமான கல்தான் வேண்டும். 60 செ.மீ. விட்டம், மேல்கல் 12 செ.மீ. கனம், எடை 90 கிலோ அளவுக்கு வரும். தானியம் இறங்கும் நடுக்கண் 12 செ.மீ.

கல் கொத்துவதுதான் இந்த மில்லின் உயிர். முகத்தை எட்டுக் கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் மூன்று பள்ளக்கோடு. பள்ளம் கண்ணருகே 6 மி.மீ., விளிம்பருகே 3 மி.மீ. பள்ளத்தின் ஒரு கரை செங்குத்தாகவும் மறுகரை சரிவாகவும் இருக்க வேண்டும், தானியம் சரிவில் ஏறி மேட்டுக்கு வந்து நசுங்கும். இரண்டு கல்லையும் முகம் மேலே பார்க்க வைத்து ஒரே மாதிரிக் கொத்தினால், மேல்கல்லைக் கவிழ்க்கும்போது பள்ளங்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். எதிரெதிராகக் கொத்திவிட்டால் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும், தானியம் முழுசாகவே வெளியே வரும்.

மட்டம் பார்ப்பதற்குக் காவி வேண்டும். கல்லின் விட்டத்தைவிட நீளமான நேர்ப்பலகையின் விளிம்பில் காவிக்கல்லைக் குழைத்து மெல்லியதாகத் தடவி, கல்லின் முகத்தில் மெதுவாகச் சுற்றி இழையுங்கள். எழும்பியிருக்கும் இடமெல்லாம் சிவந்து காட்டும். அந்தச் சிவப்பை மட்டும் கூர் உளியால் சிறு சிறு கொத்தாக எடுத்து, துடைத்து, மறுபடி இழைக்க வேண்டும். வெளிவிளிம்பிலிருந்து உள்ளே 10 செ.மீ. வரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிவக்கும்வரை இது போகும். அந்த வளையத்தில்தான் மாவு ஆகிறது. அதற்கு உள்ளே கண்ணை நோக்கி 2, 3 மி.மீ. சரிவு இருக்கட்டும், தானியம் உள்ளே நுழைந்து உடைபட இடம் வேண்டும். பொறுமை இல்லாத ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மேல்கல்லைக் கண்ணில் பதித்த குறுக்கு இரும்பின் நடுவில், கல்லைச் சுற்றும் செங்குத்துத் தண்டான ஸ்பிண்டிலின் நுனியில் நிறுத்தித் தானியம் இல்லாமல் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் எதிர்ப்பக்க முதுகில் குழி கொத்தி, இரும்புத் துண்டு போட்டுச் சிமெண்ட் பூசுங்கள். சிலர் ஈயம் ஊற்றுவார்கள், உண்ணும் பொருளுக்கு மேலே ஈயம் வேண்டவே வேண்டாம். கீழ்க்கல்லின் நடுவே ஸ்பிண்டில் ஏறிவரும் இடத்து புஷ்ஷுக்கும் கிரீஸ் கூடாது. கருவேல மரப் புஷ்ஷைக் கடலை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டால் பருவம் முழுக்க வரும்.

இடைவெளியைக் கூட்டக் குறைக்க, ஸ்பிண்டிலின் அடித்தாங்கியை ஒரு நெம்புகோலின் மேல் நிறுத்தி, அதன் மறுநுனியில் 24 மி.மீ. திருகு வையுங்கள். அந்தத் திருகின் மரை 3 மி.மீ., நெம்புகோல் ஐந்துக்கு ஒன்று என்றால் கால் சுற்றுக்குக் கல் 0.15 மி.மீ. ஏறும் இறங்கும். இதைவிட முரட்டுத் திருகு வைத்தால் நைஸ் ரவைக்கும் மாவுக்கும் நடுவில் நிறுத்த முடியாது.

ஓட்டுவது

மேல்கல்லை உயர்த்திவைத்து, ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி, கல் சுற்ற ஆரம்பித்ததும் தானியத்தை விட்டு, மாவு வரத் தொடங்கியபின் கல்லை இறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை நிறுத்தி, கடைசித் தானியம் உள்ளே இருக்கும்போதே கல்லை உயர்த்துங்கள். தானியம் தீர்ந்து கல்லும் கல்லும் உரசினால் ஒரு நிமிடத்தில் கொத்திய கொத்தெல்லாம் போய்விடும், மாவில் கல்பொடியும் விழும். தானியம் கொட்டும் தொட்டியின் அடியில் தானியத்தின் எடையில் அழுந்தி நிற்கும்படி ஒரு வாரைக் கட்டி, அதில் ஒரு மணியைத் தொங்கவிடுங்கள். தானியம் இறங்கி வார் தளர்ந்ததும் மணி சுற்றும் கல்லில் பட்டு ஒலிக்கும். தொட்டியின் வாயை ஆட்டும் கட்டையும் மேல்கல்லின் முதுகிலேயே உரசி ஆடட்டும், கல் மெதுவானால் தானியமும் தானாகக் குறையும். நிமிடத்துக்கு 500 கிராம் விழுகிறதா என்று எடைபோட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் கொத்தியபின் முதலில் அரைக்கும் ஐந்து கிலோவைக் கொட்டிவிட வேண்டும், மாட்டுக்கும் வைக்கக் கூடாது.

இந்த ஊருக்கே உரிய பெரிய சிக்கல், தண்ணீர் வரும் காலமும் தானியம் ஈரம் ஏறும் காலமும் ஒன்றாக இருப்பது. கல்லுக்குத் தானியத்தின் ஈரம் 10 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும், 14-ஐத் தாண்டினால் மாவு கல்லில் பசையாகப் படிந்து, பள்ளம் அடைத்து, முகம் கண்ணாடியாகிவிடும். கார்த்திகையில் சாக்கில் சும்மா இருக்கும் கேழ்வரகே அந்த அளவுக்கு ஏறிவிடும். புரட்டாசி வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான டிரம்மில் போட்டுவைத்த தானியம்தான் மழைக்காலத்தில் அரைக்க உதவும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். அழுந்திப் பிளந்தால் திருப்பி அனுப்புங்கள், கூச்சப்பட வேண்டாம். படிந்துவிட்டால் நன்றாகக் காய்ந்த அரிசி நொய்யை இடைவெளி கூட்டி ஓட்டினால் ஓரளவு சுத்தமாகும்.

கம்பு மாவைக் கிலோக்கணக்கில் அரைத்து வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்த ஒரு வாரத்தில் கசக்கத் தொடங்கும், கேழ்வரகு தாங்கும். வரகு, தினை, சாமையை உமி நீக்காமல் இந்தக் கல்லில் போடவே கூடாது. வரகுக்கு அந்தக் காலத்தில் மண் திரிகை தனியாக வைத்திருந்ததே அதனால்தான்.

மாவு விழும் இடத்தில் அடிக்கடி கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் தவறு. சூட்டுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கொத்து தேய்ந்திருந்தால் அளவும் குறைந்திருக்கும், இடைவெளி போதாமல் இருந்தால் கல் முனகும், தானியம் ஈரமாக இருந்தால் மாவு உருண்டை பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கொரகொரப்பாக வந்தால் மேல்கல் சாய்ந்திருக்கிறது, சமநிலையை மறுபடி பாருங்கள். பெல்ட் அறுந்தால் கல் நிற்கும், ஆனால் சுமை இழந்த சக்கரம் இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும். ஷட்டர் கயிறு கல் பக்கம் நிற்கும் ஆளின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டியது இதற்காகத்தான். ஓடும் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் கம்பிவலை இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள், புடவைத் தலைப்பும் வேட்டி முனையும் ஒரு நொடியில் இழுபடும்.

பங்குனியில் வாய்க்கால் வறண்டதும் மேல்கல்லைத் தூக்கிக் கட்டையின்மேல் நிறுத்துங்கள், இரண்டு முகத்தையும் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். மாவு தங்கினால் வண்டு வைக்கும், எலி வரும். பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். தொட்டிலில் படிந்த வண்டலை அள்ளும்போதே, இறக்கை உரசிய தடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பேரிங் இறங்கியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் பலகை வெடிக்கும் என்பதால் இறக்கைகளுக்கு ஒரு கை வேப்பெண்ணெய் பூசி, சக்கரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, வாரம் ஒருமுறை அரைச்சுற்று திருப்பி வையுங்கள். ஒரே பக்கம் வெயில் பட்டால் சக்கரம் கோணும், பேரிங்கும் ஒரே இடத்தில் பள்ளம் விழும்.